ஏழாம் வகுப்பின் இடது காது

மாவினகத்தே
17 ஜூலை 1994, ஞாயிறு

அன்புள்ள ஜலஜாக்காவுக்கு,

வேணி நமஸ்காரம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்திருக்கிறது, மழையோடுதான் போகும். பாவாவின் முதுகு எப்படி இருக்கிறது? ரயில்வே பட்டறையில் இன்னும் பாரம் தூக்கச் சொல்கிறார்களா?

இந்த வாரம் முழுக்கப் பள்ளியில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. 'செய்து கற்கும் வாரம்' என்று இலாகா உத்தரவு. நான் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எல்லாம் என் தலையில். தலைமையாசிரியர் நம் ஸ்ரீபாத மாஸ்தர்தான், "நீயே பாத்துக்கோ வேணி, எனக்கு இந்தப் புதுக் கூத்தெல்லாம் பிடிபடாது" என்று அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டார். நவம்பரில் அவருக்கு ஓய்வு. தாலுக்காவிலேயே பிரம்பு இல்லாத பள்ளி என்று பேர் வாங்கித் தந்தவருக்கு ஊரே கூடி விழா எடுக்கிறது. அவரைப் பாராட்டி மானபத்திரம் எழுதி வாசிக்க வேண்டியது நான். அவரைப் பற்றி உனக்கு நினைவிருப்பதை எழுதியனுப்பு, சேர்த்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்பை இலை பொறுக்கி வரச் சொன்னேன். இருபத்தொன்பது பிள்ளைகள், நாற்பத்தோரு வகை இலை, ஓர் இலையில் தவளையும் வந்தது. செவ்வாய் எலுமிச்சைச் சாற்றால் எழுதி விளக்கில் காட்டிப் படித்தோம். ஒரு காகிதத்தில் 'அக்கோரு குள்ளம்' என்று எழுந்து வந்தது. டீச்சர் குள்ளம்தானே, யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை ஒலி. மழை விட்ட நேரம் பார்த்து ஆரம்பித்தோம். ஒரு பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்காரும், ஒரு காதைப் பொத்திக்கொள்ளும். இன்னொன்று என் அலாரம் கடிகாரத்தைத் தூரத்திலிருந்து மெல்லக் கொண்டு வரும். டிக் டிக் கேட்டதும் கையைத் தூக்கணும். அங்கிருந்து காதுவரை அளந்து எழுதணும்.

மஞ்சு நாயக்கின் மகள் சேவந்தி உட்கார்ந்தாள். வலது காது முப்பத்தெட்டு அங்குலம். இடது காதுக்குக் கடிகாரம் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அவள் கை எழவில்லை. "அக்கோரே, இன்னும் கெளம்பலையா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் பார்த்தேன், கடிகாரம் அவள் காதுமடலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் ஒருத்தி மட்டும் இல்லை அக்கா. இருபத்தொன்பதில் ஏழு. ஏழும் இடது காது. வியாழக்கிழமை என் கைக்கடிகாரத்தை வைத்து ஆளை மாற்றிச் செய்தேன். அதே ஏழு பேர். என் காதையும் அளந்துகொண்டேன், இரண்டும் சமம்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினோம். மாஸ்தர் வந்து பார்த்தார். "நல்லா பண்ணிருக்கே. ஆனா எங்கியோ தப்பு இருக்கு. எல்லாம் ஒரே பக்கமாவா வரும்?" என்றார். அதுதான் எனக்கும் புரியவில்லை. குளத்துத் தண்ணீராக இருக்குமா? தண்ணீருக்கு இடது வலது தெரியுமா?

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

உன் தங்கை,
நாகவேணி

*

ஹூப்ளி
26 ஜூலை 1994

சிரஞ்சீவி வேணிக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பாவாவுக்கு முதுகு தேவலை. அம்மாவின் முழங்காலுக்கு நொச்சி வதக்கி ஒத்தடம் கொடு.

நாகபஞ்சமிக்குப் பத்தோலிக் கொழுக்கட்டை அவிக்க இங்கே மஞ்சள் இலை கிடைக்கவில்லை. இந்தப் பக்கம் யாராவது வந்தால் பத்து இலை கொடுத்தனுப்பு.

மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குச் சளி பிடிப்பது சகஜம். காது அடைக்கத்தான் செய்யும். உன் கடிகாரமும் பழசு. அந்த அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. வந்த இரண்டாம் மாதமே எதற்கு வீண் பேச்சு.

மாஸ்தரைப் பற்றி எழுதும்படி எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜலஜாட்சி

*

மாவினகத்தே
7 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். அம்மா நடமாடுகிறாள். நொச்சி கேட்டது. மஞ்சள் இலைக்கு ஆள் கிடைக்காமல் பஞ்சமி போய்விடும் போலிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

அட்டையை எடுக்கவில்லை. மற்ற வகுப்புகளையும் அளந்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒருவருக்கும் குறையில்லை. ஆறில் மூன்று பேர். ஏழில் ஏழு பேர். எல்லாம் இடது. வகுப்பு ஏற ஏறக் காது குறைகிறது. இப்போது எனக்குக் காரணம் தெரியும்.

கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகக் காத்திருந்த சேவந்தியை நிறுத்தி, "எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டேன். "ஆறாவதுலேருந்து, பின்னத்துக்கு அப்புறம்" என்றாள். பின்னம் என்றால் கணக்கில் வருகிற பின்னம். எனக்கு விளங்கவில்லை. "பின்னத்துக்கும் காதுக்கும் என்ன?" என்றேன்.

அவள் எனக்குப் பாடம் எடுப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள்: "மாஸ்தர் வலது கையாலதானே அடிப்பார் அக்கோரே. எதிர்ல நின்னா நமக்கு இந்தப் பக்கந்தானே வரும்."

வலித்ததா என்று கேட்டேன். "அப்ப ஙொய்ன்னு ஒரு சத்தம் வரும். கொஞ்ச நாள் கழிச்சு அதுவும் நின்னுடும்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா, ஆறுக்கும் ஏழுக்கும் கணக்கு யார் எடுக்கிறார் என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. நாமும் பார்த்ததுதானே. கணக்கு தப்பினால் கன்னத்தில் ஒன்று வைப்பார், அடுத்த கணக்குக்குப் போவார். அதை அடி என்று யார் எண்ணினார்கள்? பிரம்பு இருந்தால்தானே அடி. நான் அந்த வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். என்மேல் கை பட்டதில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

என்ன செய்வது என்று சொல். உடனே பதில் எழுது. ஹூப்ளியில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், பாவாவைக் கேட்கச் சொல்.

வேணி

*

மாவினகத்தே
28 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா தினமும் தபால்காரனைக் கேட்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பிள்ளைகளைத் தாலுக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ஒவ்வொரு காதாக விளக்கடித்துப் பார்த்தார். மூன்றாவது பிள்ளைக்கு அப்புறம் திரும்ப முதல் பிள்ளையிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எழுதினார். நான்கு பேருக்குச் செவிப்பறையில் ஓட்டை. மற்றவர்களுக்குக் கிழிந்து தழும்பாகியிருக்கிறது. சேவந்திக்குச் சீழ் வைத்து உள்ளே வெகுவாகக் கெட்டுவிட்டது, ஹூப்ளியில்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். வெளியே வந்து என்னைத் தனியாக அழைத்து, "எந்த ஊர் பள்ளிக்கூடம்மா இது?" என்று கேட்டார். அப்படியொரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

அதற்கு முன்பே, சுதந்திர தினத்தன்று கொடியேற்றம் முடிந்ததும், அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களை வகுப்பறைக்கு அழைத்திருந்தேன். எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் இதே பள்ளியில் படித்தவர்கள். சொன்னேன். மஞ்சு நாயக் சிரித்தார். "எனக்குந்தான் அந்தக் காது இல்ல அக்கோரே. பாக்குத் தோட்டத்துல நிக்கறவனுக்கு ஒரு காது போதாதா? அடிச்சதாலதான் நாலு கணக்கு தெரியுது" என்றார்.

என் குரல் தாழ்ந்துபோயிற்று. "எத்தனை பேருக்கு அப்படி?" என்று கேட்டேன். அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஐந்து பேர் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொடுத்தார்கள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் அக்கா. மஞ்சு நாயக்கின் சிரிப்பு அப்படியே நின்றது. மிட்டாய்கூட வாங்காமல் போய்விட்டார்கள்.

மாஸ்தரிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பா போனபின் நம் அடுப்பு எரிந்தது அவரால். என் ஆசிரியப் பயிற்சிக்கு மனு எழுதிக் கொடுத்தது அவர். எந்த வாயால் சொல்வேன்?

எழுது அக்கா.

வேணி

*

ஹூப்ளி
9 செப்டம்பர் 1994

சகோதரி நாகவேணிக்கு,

உன் பாவா வாசுதேவ் ஆசீர்வாதங்களுடன். நான் உனக்குக் கடிதம் எழுதியதே இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அக்காவின் உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதுகிறேன் எழுதுகிறேன் என்கிறாள், பேனாவை எடுத்தால் மூடி வைத்துவிடுகிறாள்.

ஆகஸ்டில் உன் முதல் கடிதம் வந்த மறுநாள் பட்டறையிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். சமையலறையில் மணைமேல் உட்கார்ந்திருந்தாள். என் கைக்கடிகாரத்தை இடது காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இது ஓடுதா, நின்னுபோச்சா?" என்று கேட்டாள்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது வேணி.

பதினெட்டு வருஷம் ஆகிறது எங்களுக்குக் கல்யாணமாகி. கூப்பிட்டால் சிலநேரம் திரும்ப மாட்டாள். என் தங்கைகள் அவளைத் தலைக்கனம் பிடித்தவள் என்றார்கள். நானும் கோபித்திருக்கிறேன், நாலு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு. பக்கத்து வீட்டுப் போனுக்கு அவளை அழைத்தால் வர மாட்டாள், கடிதமே போதும் என்பாள். சிக்கனம் என்று நினைத்தேன். கோயிலுக்கோ சந்தைக்கோ போகும்போது நான் அவளுக்கு இடப்பக்கமாகத்தான் நடப்பேன், அது என் பழக்கம். பதினெட்டு வருஷம் அவளிடம் என்னென்னவோ பேசிக்கொண்டே நடந்திருக்கிறேன்.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. அவளே எழுதுவாள்.

வாசுதேவ்

*

ஹூப்ளி
2 அக்டோபர் 1994

சிரஞ்சீவி வேணிக்கு,

ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம். அம்மா எப்படி இருக்கிறாள்? இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாதே.

பாவா உனக்கு எழுதியதைச் சொன்னார். எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டார்.

ஏழாவதில் நடந்தது. எழுபதாம் வருஷம், அப்பா போய் மூன்று மாதம். முக்காலையும் ஐந்தில் இரண்டையும் கூட்டச் சொன்னார். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டினேன். ஒருமுறைதான். காதில் வண்டு புகுந்ததுபோல் இருந்தது. காலையில் தலையணையில் ரத்தம். வண்டுதான் கடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். அந்த எண்ணெயில் பட்ட பாடு அடியில் படவில்லை.

எப்படிச் சொல்வேன்? அப்போதுதான் பள்ளியில் பிள்ளைகளுக்கு ரவை உப்பிட்டு கிண்டும் வேலையை அம்மாவுக்கு வாங்கித் தந்திருந்தார். மிச்ச உப்பிட்டைத்தான் சாயங்காலம் நாம் மூன்று பேரும் சாப்பிட்டோம். நீ நாலு வயசுப் பெண், இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டுவாய்.

உன்மேல் கை பட்டதில்லை என்று எழுதியிருந்தாயே. உனக்குக் கணக்கு தப்பவே தப்பாது, அதனால் படவில்லை. நீ பள்ளிக்குப் போன நாளிலிருந்து தினமும் சாயங்காலம் உன்னை உட்காரவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது உன்னை விடமாட்டேன். நீ அழுவாய். என்னை ராட்சசி என்று ஸ்லேட்டில் எழுதி வைத்தாய். என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்வரை பின்னம் போடவைத்தேன், உனக்கு நினைவிருக்கும்.

வேறொன்றும் எழுத இல்லை. மாஸ்தரிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

ஜலஜாட்சி

*

மாவினகத்தே
16 அக்டோபர் 1994

அக்கா,

அம்மா நன்றாக இருக்கிறாள். அவளிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் பள்ளியில் வைத்துத்தான் படித்தேன். பாடம் எடுக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ராட்சசி என்று எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தசரா விடுமுறை முடிந்த மறுநாள் மத்தியானம், பிள்ளைகள் போனபின், அட்டையையும் டாக்டரம்மாவின் சீட்டுகளையும் மாஸ்தரின் மேசையில் வைத்தேன். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நான் பிரம்பைத் தொட்டதே இல்லையே வேணி" என்றார்.

"தெரியும் மாஸ்தர். கையாலதான்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அதற்குப் பதில் சொல்ல ஏழெட்டு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இவர் தெரிந்து செய்யவில்லை என்று பார்த்ததுமே புரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

எழுந்து பெரிய அலமாரியைத் திறந்தார். முப்பத்து நான்கு வருஷத்து வருகைப் பதிவேடுகள், வருஷ வாரியாக அடுக்கி இருந்தன. அதன் முன்னால் நின்றுகொண்டு, "எந்த வருஷத்துலேருந்து பாக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

நீ சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். என்னை மன்னித்துவிடு. "எழுபதுலேருந்து" என்று வாயில் வந்துவிட்டது. எடுத்தார். விரலை வைத்துக்கொண்டே பெயர்களைப் படித்து வந்தவர் உன் பெயரில் நின்றார்.

"ஜலஜாட்சியா? முன் வரிசையில உக்காந்துகிட்டு, நான் கேக்கற கேள்விக்குத் திரும்பக்கூட மாட்டாளே. கவனமே இருக்காது அந்தப் பொண்ணுக்கு" என்றார். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அதுக்காகவும் அடிச்சிருக்கேன். வருஷம் பூரா அடிச்சிருக்கேன்" என்றார்.

அக்கா, நீ ஒருமுறைதான் என்று எழுதியிருந்தாய்.

வேணி

*

ஹூப்ளி
24 அக்டோபர் 1994
(அஞ்சலட்டை)

வேணிக்கு ஆசீர்வாதம். சௌக்கியம். சேவந்தியை அவள் அப்பாவோடு இங்கே அனுப்பு. பாவா பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டார், தீபாவளி கழிந்து வரச் சொல்கிறார்கள். எத்தனை நாளானாலும் நம் வீட்டில் இருக்கட்டும். துணி அதிகம் வேண்டாம், நான் தைத்துத் தருகிறேன். என்ன சாப்பிடுவாள் என்று கேட்டு எழுது.
- ஜலஜாட்சி

*

மாவினகத்தே
4 டிசம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். சேவந்திக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மஞ்சு நாயக் வந்து சொன்னார். நீ ஆஸ்பத்திரிப் பெஞ்சிலேயே மூன்று நாள் கிடந்ததையும் சொன்னார். அம்மா உனக்கு ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

விழா நடக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நடத்தியே தீருவது என்றுதான் இருந்தார்கள். பழைய கதையைக் கிளறுகிறேன் என்று என்மேல்தான் கோபம், இரண்டு வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாஸ்தர்தான் கண்டிப்பாக மறுத்துவிட்டார். இலாகாவுக்கு நான் எழுதியதைப் படித்து, அடியில் 'உண்மை' என்று அவரே கையெழுத்திட்டு அனுப்பினார். இன்னும் பதில் இல்லை. முப்பதாம் தேதி மாலை சாவியைக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். பலர் காபி கொடுத்து உபசரிக்கிறார்கள், உங்களால்தான் மனுஷனானோம் என்கிறார்கள். ஒருவர் மட்டும் கதவைச் சாத்தினாராம்.

ஏழாம் வகுப்புக் கணக்கு இப்போது எனக்கு. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் முன் வரிசை இன்னும் தலையைச் சாய்க்கிறது.

அவர் உன் முகவரி கேட்டார். கொடுத்துவிட்டேன். சரியா தப்பா, தெரியவில்லை.

வேணி

*

ஹூப்ளி
18 டிசம்பர் 1994

சிரஞ்சீவி வேணிக்கு,

அக்கா ஆசீர்வாதம். இங்கே பாவாவும் நானும் சேவந்தியும் சௌக்கியம். அம்மாவின் ஊறுகாய் வந்தது, பாதியை இந்தப் பெண்ணே முடித்துவிட்டாள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. கேட்குமா என்பது பொங்கலுக்கு அப்புறம்தான் தெரியுமாம். கொஞ்சம் கேட்டாலும் போதும் என்கிறார் டாக்டர். என்னையும் பார்த்தார். எனக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அதை அவர் சொல்லும்முன்பே எனக்குத் தெரியும், வருத்தப்படாதே.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாஸ்தர் வந்தார். கதவைத் திறந்தது நான்தான். அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சிறுத்துப்போய்விட்டார். சேவந்தி அவரைக் கண்டதும் எழுந்து கைகட்டி நின்றுவிட்டாள், தலையில் கட்டோடு. அவளைக் கையைப் பிடித்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்தேன். பாவா அவருக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அது எங்களுக்கு இடப்பக்கம் அமைந்துவிட்டது. பாவா வேண்டுமென்று போட்டாரா, அவசரத்தில் போட்டாரா, நான் கேட்கவில்லை.

மாஸ்தர் பேச ஆரம்பித்தார். அவர் குரல் எப்போதோ எழும்பாமல் போய்விட்டது போலிருக்கிறது. வெகுநேரம் பேசினார். நடுவில் நிறுத்தினார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடி பேசினார். உதடு அசைவது ஓரக்கண்ணுக்குத் தெரிந்தது. பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. சேவந்தி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் எட்டவில்லை என்று தெரிந்துகொண்டேன். அவள் கையை நான் விடவில்லை.

இந்தப் பக்கம் வந்து உட்காருங்க மாஸ்தர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகத்தைத் திருப்பியும் கொடுக்கவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் எழுந்து காபி கொண்டுவந்து வைத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

பாவாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. என்ன சொன்னார் என்று சொல்லட்டுமா என்று அன்றைக்கே கேட்டார், நேற்றும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மாவை வெந்நீரில் குளிக்கச் சொல்.

ஜலஜாட்சி